பேண்டேஜ் கட்டின செண்பகம்

பூச்சி! ஏட்டி பூச்சி!

அன்புள்ள தங்கச்சி பூச்சிக்கு மடவார் வளாகத்திலிருந்து அக்கா அங்காளம்மாள் எழுதிக்கொள்வது. இங்கு யாவரும் சுகம். ஒன் சுகத்தை விசாரிக்க வழியில்லை, தையிலதான் எங்களை விட்டுட்டுப் போயிச் சேந்துட்டியே. இருந்தாலும் இந்தச் சேதியை ஒனக்கு எழுதாட்டி எனக்குச் சோறு எறங்காது. நீ தோத்துட்ட.

ஏழெட்டு வருசத்துக்கு முந்தி நீதான நர்சரியிலருந்து செண்பகக் கன்னைக் கொண்டாந்து நம்ம வீட்டு வாசல்ல நட்ட? நட்ட கையோட, "அக்கா, இது குளுந்த எடத்து மரம். வெக்கை கூடக்கூட அடிவாரத்துல நிக்கிறது கருகுது, மலையில மேல போனாத்தான் கன்னு மொளைக்கு. இங்க பூக்கவே பூக்காது. பூத்தா மொதப் பூவ என் கொண்டையில வையி, தேரு வீதி சுத்தி வந்து தோத்தேன்னு சொல்லுதேன்"னு சவால் விட்ட.

இந்தச் சித்திரை வெயிலு இருக்கே, தார் ரோடு செருப்போட வந்துச்சு. மரத்துல மேக்குப் பக்கம் பட்டை வெடிச்சு, எலை அப்பளமாட்டம் நொறுங்குது, நான் என்ன செஞ்சேன், தெனம் ராஜபாளையம் பஸ் ஏறி நான் வேலைக்குப் போற பேண்டேஜ் துணி மில்லுல கழிச்சுப்போட்டத பை நெறையக் கேட்டு வாங்கியாந்து, அடியிலருந்து கிளை வரைக்கும் சுத்தி, காலையும் சாயங்காலமும் நனைச்சேன். எதுத்த வீட்டுக் குருவம்மா, "ஏட்டி, மரம் மாடியிலருந்து விழுந்துருச்சா, எந்த ஆஸ்பத்திரில காட்டுன?"ங்கா. விடியக்காலம் பல்லு வெளக்க வந்த ஒங்கத்தான், வெள்ளையா நிக்கிறதப் பாத்து நீதான் வந்துட்டன்னு கும்பிட்டுக்கிட்டே பின்னால போயி, தண்ணித் தொட்டியில விழுந்தாவ. மரத்துக்குச் சுத்தினது போக மிச்சத்த அவிய முட்டிக்குச் சுத்தினேன்.

ஒன்கூட நர்சரியில வேல பாத்த ஜெயக்கொடி துக்கம் கேக்க வந்தா. "ஒத்த மரத்துக்குக் கட்டிட்டியக்கா, மலையே கொதிக்கே, அதுக்கு என்ன செய்வ?"ன்னா. "மில்லுல துணிக்கா பஞ்சம்?"னேன். அழ வந்தவ சிரிச்சுக்கிட்டே போனா.

முந்தாநாள் பூத்திருச்சு, பூச்சி! தெருவே மணக்கு. கேலி பண்ணின குருவம்மாவே பேண்டேஜை அவுத்துராதங்கா. மொதப் பூ ஒனக்குக் கெடையாது, ஆண்டாள் கோயில்ல குடுத்துட்டேன். தோத்தவளுக்கு எதுக்குப் பூவு?

அய்யாவையும் அம்மாவையும் அங்க பாத்தா நாங்க கேட்டதாச் சொல்லு.

இப்படிக்கு,
ஜெயிச்ச அக்கா
அங்காளம்மாள்

பி.கு.: கோயில்ல குடுக்கலட்டி. நனைச்ச பேண்டேஜ்ல சுத்தி பிரிட்ஜுலதான் வச்சிருக்கேன். யாரு கொண்டையில வைக்க?