சுற்றினால் உள்ளே வராது

காலை ஐந்து ஐம்பது. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள். கம்பெனி கேட்டில் நான் முதலில் பார்த்தது, கண்ணாடி போட்ட மேசைமேல் சுழன்றுகொண்டிருந்த ஒரு செல்போன் பேட்டரி. அடுத்துப் பார்த்தது, அதைச் சுழற்றிவிட்டு நீதிபதி முகத்தோடு குனிந்திருந்த வாட்ச்மேன். பேட்டரி நிற்கவில்லை. "சுத்துது. உள்ள வராது. எட்த்துக்கினு போ நைனா" என்று அதைக் கொண்டுவந்த தொழிலாளியிடம் சொன்னார்.

வாட்ச்மேன்கள் திருடனுக்குப் பயப்படுவார்கள், நாய்க்குப் பயப்படுவார்கள், முதலாளிக்குக் கட்டாயம் பயப்படுவார்கள். இந்த மூன்றுக்கும் பயப்படாமல் பேட்டரிக்கு மட்டும் பயந்த ஒரே வாட்ச்மேன் எங்கள் பம்பரம்தான். சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டில் இருந்தது. அதை மாதாமாதம் எழுதிய டைம் ஆபீஸ் குமாஸ்தாவான எனக்கே அது இப்போது நினைவில்லை.

செல்போன் எல்லார் சட்டைப்பையிலும் புதிதாக ஏறியிருந்த காலம் அது. எங்கள் பெயிண்ட் ஷெட்டில் தீப்பற்றும் தின்னர் நெடி இருந்ததால் தொழிலாளர் போன் உள்ளே போகக் கூடாது. கேட்டிலேயே ஒப்படைத்து எண் போட்ட வில்லை வாங்கிக்கொள்ள வேண்டும். தொழிலாளர்கள் கவரைப்பேட்டையில் ஓர் அறைக்கு எட்டுப் பேராக இருந்தார்கள். எட்டுப் பேருக்கும் ஒரே ஒரு பிளக் பாயிண்ட். ஆகவே ஊரே கேட்டில்தான் சார்ஜ் போட்டது. அங்கிருந்த ஆறு துளை பிளக் பலகைக்கு பம்பரம்தான் அரசர்.

அவருடைய சட்டம் சுருக்கமானது. கழற்றிய பேட்டரியைக் கண்ணாடிமேல் சுழற்றுவார். தட்டையாக இருந்தால் படிந்து நின்றுவிடும். வயிறு உப்பியிருந்தால் சுழலும்; சுழன்றால் கேட் அறைக்குள்ளேயே வராது, சார்ஜும் கிடையாது. உறை போட்ட போனுக்கு உறையைக் கழற்றும்வரை கிடையாது. வெயிலில் சுட்ட போனுக்கு ஆறும்வரை கிடையாது. முழுதாக ஏறியதும் ஒரு நிமிடம்கூட விடாமல் பிடுங்கிவிடுவார்.

புதுப் போனை முதல் தடவை எட்டு மணி நேரம் போடச் சொல்லிக் கடைக்காரர் சொன்னதாக ஒருவர் வாதாடினார். வயிறு நிறைந்த பிறகும் எட்டு மணி நேரம் சோறு ஊட்டுவாயா என்று பம்பரம் திருப்பிக் கேட்டார். இன்னொருவர் இரவு தலையணைக்கு அடியில் வைத்து சார்ஜ் போடுவதைப் பெருமையாகச் சொன்னபோது அவர் குரலை உயர்த்தவே இல்லை.

"அப்ப அடுப்பையும் அங்கயே வெச்சிக்கோ நைனா. எந்திரிச்சதும் நாஷ்டா ரெடியா இருக்கும்."

கோணலான இரும்பை நேராக்கியே பழகிய ஃபிட்டர் ஒருவர், கேட்டில் காட்டாமல் கொண்டுபோன தன் உப்பிய பேட்டரியையும் நேராக்கிவிடலாம் என்று முடிவு செய்தார். வொர்க்‌ஷாப் வைஸ் என்ற இரும்புப் பிடியில் வைத்து மெதுவாகத் திருகத் தொடங்கினார். தகவல் கேட்டுக்கு வந்ததும் பம்பரம் ஓடிய ஓட்டத்தை எந்தத் திருடனும் அவரிடமிருந்து பெற்றதில்லை. பேட்டரியைப் பிடுங்கி, வெளியே வேலியோரம் இருந்த சிவப்பு மணல் வாளியில் புதைத்தார். ஃபிட்டர் மூன்று நாள் அந்த வாளியைக் கடக்கும்போதெல்லாம் துக்க வீட்டைக் கடப்பவர்போல நடந்தார்.

இந்த வாயால் அவர் ஏற்கெனவே இரண்டு கம்பெனிகளின் கேட்டை இழந்திருந்தார். எங்களுடையது மூன்றாவது. இதுவும் போனால் வேறு கம்பெனிக்கு அனுப்ப முடியாது என்று அவருடைய கான்ட்ராக்டர் சொல்லியிருந்தார்.

வெளியிலிருந்து ஆடிட்டுக்கு ஆள் வரும் நாளில் மேனேஜர் சார்ஜரை வீட்டில் மறந்துவிட்டு வந்தார். கேட்டில் எல்லா வகை சார்ஜரும் இருக்கும். போனை நீட்டினார். பம்பரம் பேட்டரியைக் கழற்றிச் சுழற்றினார். நானும் பார்த்தேன், ஏழு சுற்று.

"சுத்துது சார். போட மாட்டேன்."

"யோவ், இது யார் போன் தெரியுமா?"

"எனக்குத் தெரியும் சார். பேட்டரிக்குத் தெரியாது."

மேனேஜர் தானே ஒரு சார்ஜரை உருவிக்கொண்டு கேபினுக்குப் போய், ஆடிட் ஃபைல்கள்மேல் போனை வைத்து இணைத்தார். மணி பத்து பத்து. பம்பரம் கேட்டை என்னிடம் விட்டுவிட்டு, மணல் வாளியைத் தூக்கிப்போய் கேபின் வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். திரும்பிப் போகச் சொல்லி மேனேஜர் மூன்று முறை சொன்னதாகவும், மூன்று முறையும் "போனைக் கழட்டுங்க, போறேன்" என்று பதில் வந்ததாகவும் பியூன் வந்து சொன்னார்.

பதினொன்று இருபதுக்குக் கேபினிலிருந்து புகை வந்தது. பம்பரம் சுவிட்சை அணைத்து வாளியைக் கவிழ்த்தார். ஒரு ஃபைலின் மூலை கருகியது, மேசைக் கண்ணாடி விரிசல் விட்டது, மேனேஜருக்கு ஒரு கீறலும் இல்லை. அரை மணி கழித்து வந்த ஆடிட்டர்கள் மணலைப் பார்த்து, இங்கே தீத்தடுப்பு ஏற்பாடு மெச்சத்தக்கது என்று எழுதிக்கொண்டார்கள்.

மாலையில் மெமோ வந்தது, பம்பரத்துக்கு. அனுமதியின்றி எழுபது நிமிடம் கேட்டை விட்டு விலகிய குற்றம். நிமிடங்களைக் கணக்கிட்டுத் தட்டச்சு செய்தது நான்தான். மன்னிப்பு எழுதிக் கையெழுத்துப் போட்டால் வேலை உண்டு. எழுதிவிடுங்கள் நைனா, நாலாவது கேட் கிடையாது என்று சொன்னேன்.

"கேட்டு இல்லாங்காட்டி இன்னா? ஊடு இருக்குது. ஊட்டுக்கும் கேட்டு இருக்குது" என்றார். பேனாவை வாங்கி ஒரே வரி எழுதிக் கையெழுத்துப் போட்டார்: 'மறுபடியும் வீங்கினால் மறுபடியும் வருவேன்.'

சனிக்கிழமை அவரை நீக்கினார்கள். திங்கள் காலை ஷிப்டுக்கு வந்த ஒவ்வொருவரும், புது வாட்ச்மேன் கேட்காமலே, பேட்டரியைக் கழற்றிக் கண்ணாடிமேல் சுழற்றிக் காட்டிவிட்டுத்தான் போனை ஒப்படைத்தார்கள். வரிசை ரோடுவரை நின்றது. ஷிப்ட் இருபது நிமிடம் தாமதம். மேனேஜர் கார் அந்த வரிசைக்குப் பின்னால் காத்திருந்தது. அவர் இறங்கி வந்தார். யாரையும் பார்க்காமல் தன் புதுப் பேட்டரியை எடுத்துச் சுழற்றினார். சுற்றவில்லை.

பம்பரம் இப்போது ஆரம்பாக்கத்தில், கான்ட்ராக்டர் இல்லாமல் தானே பிடித்த ஒரு ரைஸ் மில்லில் காவல். இங்கே இருந்தவரை அவரிடம் போனே கிடையாது. அங்கே போய்த்தான் வாங்கினார். பகல் பதினொன்றிலிருந்து ஒரு மணிவரை அந்த எண் அணைந்திருக்கும். அது சார்ஜ் ஏறும் நேரம்.

நான் ஒன்று ஐந்துக்குக் கூப்பிடுகிறேன்.