வாடிய மாணவிக்கு இரு வேளை தண்ணீர்

எங்கள் பள்ளியில் இனிமேல் யாரும் வருத்தமாக இருக்கக் கூடாது என்று மேலிடத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. அதைப் பிரித்துப் பதிவேட்டில் ஏற்றியவன் நான்தான். இருபத்திரண்டு வருடமாக இந்தப் பள்ளியின் எழுத்தர் நான். எந்தக் காகிதமும் என் கையைத் தாண்டாமல் தலைமையாசிரியையின் மேசைக்குப் போனது கிடையாது.

"மாணவர்தம் உள்ளநலம் பேணும் பொருட்டு" என்று தொடங்கிய அந்தச் சுற்றறிக்கைப்படி வகுப்புக்கு ஒரு முகப் பலகை மாட்டினோம். பச்சை முகம் சிரிக்கும். மஞ்சள் முகம் சும்மா இருக்கும். சிவப்பு முகம் அழும். பிள்ளைகள் காலையில் வந்ததும் தங்கள் பெயர் அட்டையை மனசுக்கு ஏற்ற முகத்தின் கீழே செருக வேண்டும். அதோடு, உடைந்த பெஞ்சுகள் கிடந்த அறையைக் காலி செய்து, இரண்டு நாற்காலி போட்டு, கதவில் 'மனம்விட்டுப் பேசும் அறை' என்று எழுதி, பத்திரமாகப் பூட்டி வைத்தோம்.

ஒரு மாதம் முழுக்கப் பச்சை. கணக்குப் பரீட்சை நடந்த அன்றும் பச்சை. சிவப்பில் செருகினால் வகுப்பாசிரியர் முறைப்பார் என்பது பிள்ளைகளுக்குத் தெரியும். பச்சை அதிகமுள்ள பள்ளிக்குக் கேடயம் உண்டு என்பது வகுப்பாசிரியர்களுக்குத் தெரியும். இப்படி எல்லோரும் ஒற்றுமையாக மகிழ்ந்திருந்த காலத்தில்தான், எட்டாம் வகுப்பு ரெட்டைச்சடை தன் அட்டையைக் கொண்டுபோய்ச் சிவப்பில் செருகினாள்.

அவளுக்கு என்ன குறை என்று பள்ளியே மண்டையைப் பிய்த்துக்கொண்டது. எனக்குத் தெரியும். ஒன்றாம் வகுப்பிலிருந்து அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த தோழி, மூன்று வாரம் முன்பு வேறு ஊர்ப் பள்ளிக்குப் போய்விட்டாள். மாற்றுச் சான்றிதழ் எழுதிக் கொடுத்தவனே நான்தான். அன்றிலிருந்து ரெட்டைச்சடை சாப்பாட்டு மணி அடித்ததும் டப்பாவைத் தூக்கிக்கொண்டு மாடிப்படியில் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டாள். என் ஜன்னலிலிருந்து பார்த்தால் நன்றாகத் தெரியும். ஆனால் என்னிடம் யாரும் எழுத்து மூலமாகக் கேட்கவில்லை.

தலைமையாசிரியை அவளைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"ஏம்மா, மஞ்சள்ல வெச்சா ஆகாதா?"

"எனக்கு மஞ்சள் மாதிரி இல்லையே டீச்சர்."

"சரி, இன்னும் எத்தனை நாளைக்கு இப்படி இருக்கறதா உத்தேசம்? ஆய்வுக்கு வர்றாங்க, அதுக்குத்தான் கேட்கறேன்."

மறுநாளும் அவள் அட்டையைச் சிவப்பிலேயே செருகினாள். வேறு வழியில்லாமல் சிவப்புக்கான படிவத்தை எடுத்தோம்.

இங்கே ஒரு விவரம் சொல்லியாக வேண்டும். எங்கள் உள்ளநல அலுவலர் போன மாதம்வரை மரக்கன்றுப் பிரிவில் இருந்தவர். பிரிவு மாறியபோது படிவங்களையும் கையோடு கொண்டுவந்துவிட்டார். 'மரக்கன்று' என்பதை அடித்துவிட்டு 'மாணவர்' என்று எழுதியதோடு சரி. மற்றதெல்லாம் அப்படியே இருந்தது: வாடத் தொடங்கிய தேதி, வெயில் படுகிறதா, தண்ணீர் ஊற்றுபவர் பெயர், ஆடு மாடு தொல்லை உண்டா. நாங்கள் யாரும் சிரிக்கவில்லை. படிவத்தைப் பார்த்துச் சிரித்தவனுக்குப் பதவி உயர்வு கிடைத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

ஆகவே சிகிச்சை தொடங்கியது. வெயில் படும்படி அவளை ஜன்னலோரம் உட்கார வைத்தோம். மணியடிக்கும் ஊழியர் காலையும் மாலையும் ஒரு செம்புத் தண்ணீர் கொண்டுபோய், அவள் கடைசிச் சொட்டைக் குடிக்கும்வரை நின்று பார்த்துக் கையெழுத்துப் போட்டார். பாவம், அந்தப் பிள்ளை பாதி வகுப்பில் கழிப்பறைக்கு ஓடியது. ஆடு மாடு தொல்லை என்ற இடத்தில், நெடுநேரம் யோசித்து, கடைசி பெஞ்சுக்காரர்களின் பெயர்களை எழுதினோம்.

ஒரு வாரத்தில் தேறாவிட்டால் பிடுங்கி வேறிடத்தில் நடவும் என்றது படிவம். பிடுங்கினோம். 'பி' பிரிவில் நட்டோம். அங்கே அவளுக்குத் தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லை. அட்டை சிவப்பிலேயே நின்றது.

ஆய்வு நாளன்று அலுவலர் அளவு நாடாவோடு வந்து இறங்கினார். அவளைச் சுவரோரம் நிறுத்தி அளந்தார். போன மருத்துவ முகாமில் எடுத்த கணக்கைவிட இரண்டு விரல் கூடியிருந்தது.

"வளர்ந்திருக்காளே. அப்புறம் என்ன, பிழைச்சுக்கிட்டா" என்றார்.

தலைமையாசிரியைக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஆனால் கடைசிப் பத்தியில் 'அலுவலர் நேரில் பார்வையிட்ட நேரம்: பத்து நிமிடத்துக்குக் குறையாமல்' என்று இருந்தது. எனவே மனம்விட்டுப் பேசும் அறையின் பூட்டைத் திறந்து, இருவரையும் எதிரெதிரே உட்கார வைத்தோம். நான் பதிவேட்டோடு வாசலில் நின்றேன். என்ன பேசுவது என்று அலுவலருக்குத் தெரியவில்லை. மரக்கன்றோடு அவர் பேச வேண்டியிருந்ததில்லை. கடைசியில் ரெட்டைச்சடைதான் வாயைத் திறந்தாள்.

"சார், நீங்க நல்லா இருக்கீங்களா?"

அலுவலர் பேனாவை மூடி வைத்தார்.

"எங்கம்மா நல்லா இருக்கேன்? நானூறு கன்னு வெச்சிருந்தேன். தினமும் போய்ப் பார்ப்பேன். திடீர்னு என்னை இங்க மாத்திட்டாங்க. இப்ப அதுங்க எப்படி இருக்குன்னே தெரியல."

அதற்குப் பிறகு எந்தக் கன்று எந்த மூலையில் நின்றது, எது மெலிந்தது, எது அவர் கை பட்டதும் துளிர்த்தது என்று சாப்பாட்டு மணி அடித்த பிறகும் சொல்லிக்கொண்டே இருந்தார். அவள் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு உம் கொட்டினாள். நான் பதிவேட்டில் எழுதினேன். ஆலோசனை வழங்கியவர்: அலுவலர். பயன் பெற்றவர்: மாணவி. கால அளவு: ஒன்றேகால் மணி நேரம்.

விஷயம் கசிந்துவிட்டது. மறுநாள் தலைமையாசிரியை நாற்காலிகள் சரியாக இருக்கின்றனவா என்று பார்க்க, ரெட்டைச்சடையையும் கூட்டிக்கொண்டு அந்த அறைக்குள் போனார். இரண்டு பாடவேளை கழித்து மூக்கை உறிஞ்சிக்கொண்டு வெளியே வந்தார். பிறகு கணக்கு வாத்தியார். பிறகு மணியடிக்கும் ஊழியர். அவர் தன் மாமியாரைப் பற்றிச் சொல்லி முடிக்கும்வரை அன்று எந்த மணியும் அடிக்கவில்லை. வரிசை வளரவே டோக்கன் போட்டோம். கேடயமும் வந்தது, ஊழியர்களுக்கென்று தனியாக ஒரு முகப் பலகையும் வந்தது. ஒவ்வொரு பள்ளியும் உடனடியாக ஒரு சிவப்பு மாணவியைக் கண்டறிந்து அறையில் அமர்த்த வேண்டும் என்று அடுத்த சுற்றறிக்கையும் வந்தது.

என் டோக்கன் ஏழு. மூட்டுவலியைச் சொன்னேன். இருபத்திரண்டு வருடம் ஒரே நாற்காலியில் உட்கார்ந்ததைச் சொன்னேன். வீட்டில் நான் பேச ஆரம்பித்தால் மனைவி மிக்ஸியைப் போட்டுவிடுவதைச் சொன்னேன். எல்லாவற்றையும் ரெட்டைச்சடை கேட்டாள். நான் எழுந்திருக்கும்போது மெதுவாக ஒன்று கேட்டாள்.

"சார், என் பக்கத்துல உட்கார்ந்திருந்தாளே, அவ எந்த ஸ்கூல்ல சேர்ந்தான்னு உங்க நோட்டுல இருக்குமா? ஒரு லெட்டர் போடணும்."

இருக்கும். என் கையெழுத்திலேயே இருக்கும். புரட்டினால் இரண்டு நிமிட வேலை. ஆனால் வெளியே இன்னும் பதினொரு பேர் நின்றார்கள். அடுத்தவர் நேரத்தை எடுத்துக்கொள்வது முறையல்ல. எழுத்து மூலமாக விண்ணப்பிக்கச் சொல்லிவிட்டு வெளியே வந்தேன். மனசு அவ்வளவு லேசாக இருந்தது. நேராகப் போய் என் அட்டையைப் பச்சையில் செருகினேன்.