கார்வின் ருசி பார்க்கிறார்

பாட்டிலை வாங்குகிறவர்கள் ஒரு ரகம், குடிக்கிறவர்கள் ஒரு ரகம். இரண்டுக்கும் நடுவில் நின்றுகொண்டு தீர்ப்புச் சொல்கிற மூன்றாவது ரகமும் உண்டு. அமெரிக்காவில் எங்கள் போர்ட்லண்ட் நகரத்தில் இந்த ரகத்தைப் பார்க்க நீங்கள் அதிகம் அலைய வேண்டியதில்லை. ஏதாவது ஒரு பலசரக்குக் கடைக்குள் நுழைந்து, கொம்புச்சா அடுக்கிய குளிர்பெட்டியின் முன்னால் போய் நில்லுங்கள். கதவை அகலத் திறந்துவைத்து, உள்ளிருக்கும் குளிரையெல்லாம் ஊருக்குத் தானம் செய்தபடி, ஒரு பாட்டிலைத் தலைகீழாகக் கவிழ்த்து வெளிச்சத்தில் உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பாரே, அவர்தான்.

எங்கள் தெருவில் அவருக்குப் பெயர் கார்வின்.

கொம்புச்சா என்பது சர்க்கரை போட்ட தேநீரைப் புளிக்கவைத்து, நுரைக்கவிட்டு, இஞ்சியோ பழச்சாறோ சேர்த்து அடைத்து விற்கிற பானம். குடித்தால் தாகம் தீரும். ஆனால் கார்வின் தாகத்துக்குக் குடித்து யாரும் பார்த்ததில்லை. மூடியைத் திறந்ததும் வரும் 'ஸ்ஸ்' சத்தத்தைக் கண்ணை மூடிக் கேட்பார், மூக்கை நுழைத்து மோப்பம் பிடிப்பார், ஒரு வாய் உறிஞ்சி, அதை இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்கு அனுப்பி, திரும்ப வரவழைத்து, கூரையைப் பார்த்தபடி விழுங்கிவிட்டு, "முதல்ல காடி. நடுவுல பச்சை ஆப்பிள். கடைசியில லேசா குதிரை லாயம்" என்பார்.

குதிரை லாயம் என்றால் பாராட்டு.

ஒருநாள் கடையில் ஒரு பெண்மணி ஸ்ட்ராபெர்ரி பாட்டில் ஒன்றைக் கூடையில் போடப் போனார். கார்வினுக்குப் பொறுக்குமா?

"அதை எடுக்காதீங்கம்மா. சுட வச்சுக் கொன்னுட்டானுங்க. உள்ள ஒரு கிருமிகூட உயிரோட இல்ல. அது வெறும் பொணம்."

"எனக்கு அதோட ருசி பிடிக்குமே."

"உங்களுக்குப் பிடிக்கும். உங்க குடலைக் கேட்டீங்களா?"

அந்தப் பெண்மணி குடலைக் கேட்டாரோ என்னவோ, ஆரஞ்சுச் சாறு வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

குடல் என்று வந்துவிட்டால் கார்வினை நிறுத்த முடியாது. மூட்டு வலி, மனச்சோர்வு, முடி கொட்டுவது, பக்கத்து வீட்டுக்காரனின் கோபம், எல்லாம் அங்கிருந்துதான் கிளம்புகிறதாம். பாட்டிலின் அடியில் அழுக்கு நூல்போல மிதக்கிறதே, அதுதான் உயிராம். நூல் எவ்வளவு தடிமனோ அவ்வளவு ஆரோக்கியமாம். இவ்வளவு குடிக்கிறாரே, அவர் வயிறு எப்படி? அவர் மனைவி மார்லிஸைக் கேளுங்கள். ஜன்னலைத் திறந்துவிட்டுத்தான் பதில் சொல்வாள்.

இந்த ஆகஸ்டில் மார்லிஸின் தங்கை நொரீன், தான் கல்யாணம் செய்துகொள்ளப்போகிற டன்ஸ்டனை முதல்முறையாக அக்கா வீட்டுக்கு அழைத்து வந்தாள். பக்கத்து வீட்டுக்காரன் என்பதால் நானும் விருந்தில் இருந்தேன். டன்ஸ்டன் பெரிய உருவம், சின்னக் குரல். சால்மன் மீன் நன்றாக இருக்கிறது என்றார், பீன்ஸ் நன்றாக இருக்கிறது என்றார். எல்லாம் நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அப்போது கார்வின் எழுந்து போய்க் காரிலிருந்து ஒரு பெட்டி கொம்புச்சாவைத் தூக்கி வந்தார். காலையிலிருந்து வெயிலில் கிடந்த கார்.

"வேணும்னுதான் உள்ள விட்டிருந்தேன். சூட்டுலதான் அதுங்க வேலை செய்யும்" என்று டன்ஸ்டன் முன்னால் ஒரு பாட்டிலை வைத்தார்.

"எனக்குத் தண்ணி போதுங்க."

"தண்ணியா? மாப்பிள்ளை, இதுல கோடிக்கணக்கான உயிர் இருக்கு. ஒரு வாய் குடிச்சுட்டுச் சொல்லுங்க."

"இல்லைங்க, வேண்டாம்."

"குடலைப் பத்திக் கவலையே இல்லையா உங்களுக்கு?"

"கார்வின், விடுப்பா" என்றாள் மார்லிஸ்.

விடுவாரா? கண்ணாடிக் கோப்பையை எடுத்து வைத்தார். ஊற்றியே தீருவது என்று பாட்டிலைக் கையில் எடுத்தார். நொரீனின் முகம் வெளுத்தது. டன்ஸ்டன் கோப்பையின் மேல் தன் பெரிய கையை வைத்து மூடினார்.

"நான் குடிச்சுக் குடிச்சு வீட்டை இழந்தவன். இப்போ குடிக்கிறதில்ல. இதுல கொஞ்சம் சாராயம் ஊறும்னு கேள்விப்பட்டிருக்கேன். கொஞ்சம்னாலும் எனக்கு வேண்டாம்."



"அதெல்லாம் அரை சதவீதம்கூட..." என்று ஆரம்பித்தார் கார்வின். பாட்டிலைத் திருப்பினார். இத்தனை காலமாக நூலைப் பார்த்தவர், நுரையைப் பார்த்தவர், அன்றைக்குத்தான் பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படித்தார்: இயற்கையாகச் சிறிதளவு மதுசாரம் உண்டாகும், எப்போதும் குளிரில் வைக்கவும்.

மன்னிப்புக் கேட்கத்தான் வாயைத் திறந்தார் என்று நினைக்கிறேன். பதற்றத்தில் விரல் மூடியைத் திருகிவிட்டது. காலையிலிருந்து வெயிலில் வேலை செய்த அந்தக் கோடிக்கணக்கான உயிர்களும் ஒரே நேரத்தில் வெளியே புறப்பட்டன. கூரை நனைந்தது, சால்மன் நனைந்தது, கார்வினின் மூக்குக்கண்ணாடியில் ஒரு நூல் தொங்கியது. முதலில் சிரித்தது டன்ஸ்டன்தான். சின்னக் குரல்காரருக்கு அவ்வளவு பெரிய சிரிப்பு எங்கேயிருந்து வந்ததோ! அதைக் கேட்டு நொரீன் அழுதுகொண்டே சிரித்தாள்.

கார்வின் கண்ணாடியைத் துடைக்கவில்லை. மிச்சமிருந்த பாட்டில்களைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குப் போய், ஒவ்வொன்றாகத் தொட்டியில் கவிழ்த்தார். போனவர் இரண்டு கோப்பைத் தண்ணீரோடு வந்து, ஒன்றை டன்ஸ்டனிடம் கொடுத்தார்.

"தப்பு என்னோடதுதான், மாப்பிள்ளை. நீங்க சொன்ன முதல் 'வேண்டாம்'லயே நான் நிறுத்தியிருக்கணும்."

"பரவாயில்லைங்க. என்னை விடாம குடிடா குடிடான்னு சொன்னவங்கள்ல, தண்ணி கொண்டுவந்து கொடுத்த முதல் ஆள் நீங்கதான்."

இருவரும் குடித்தார்கள். எனக்கே கண் கலங்கியது. கார்வின் ஒரு வாய் உறிஞ்சினார். இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்கு அனுப்பினார். கூரையைப் பார்த்தார்.

"கடைசியில லேசா குழாய் வாசனை வருது, கவனிச்சீங்களா?"

இப்படிப்பட்டவர்கள் போர்ட்லண்டில் மட்டும்தான் இருக்கிறார்கள் என்று நீங்கள் நிம்மதியாகச் சிரிக்கலாம். சிரியுங்கள். ஆனால் போன வாரம் யார் வீட்டிலோ உங்களுக்குக் காபி கொடுத்தார்களே, ஒரு வாய் குடித்துவிட்டு, டிகாக்‌ஷன் இரண்டாம் தரம் என்றும், சிக்கரி தூக்கல் என்றும், பால் பாக்கெட் பால் என்றும் விளக்கினீர்களே? அந்த வீட்டு அம்மாள் உங்களைக் கேட்டது, "சர்க்கரை போதுமா?" என்று மட்டும்தான்.