அழிக்கும் பொத்தான் அடியேனுக்கே

சிவமயம்

சிதம்பரம்,
ஆனி மாதம், செவ்வாய்.

நீடூழி வாழ வேண்டிய மாப்பிள்ளை செந்தமிழ்செல்வனுக்கு மாமனார் தில்லைநாதன் திருநீறிட்டு வாழ்த்தி வரைவது. இவ்விடம் நானும் உங்கள் மாமியாரும் அம்பலவாணன் அருளால் நலம். கடலூரில் நீங்களும் மகள் அனுப்பிரியாவும் நலமாயிருக்க வேண்டுகிறேன். நம் கல்யாண மண்டபத்தின் மென்பொருளில் யாருக்கு எந்த அனுமதி என்று தீர்மானிப்பவர் தலைமை அலுவலகத்தில் நீங்களே. வேண்டுகோள் எழுத்துமூலமே வரவேண்டும் என்ற விதியும் உங்களுடையதே. ஆகவே இம்மடல்.

சென்ற சனியன்று புவனகிரி அய்யனார் தம் மகள் பொன்னியின் திருமணத்துக்கு மண்டபத்தைப் பதிவு செய்தார். மணமகன் பெயருக்கான கட்டத்தில் வெறும் பெயரைப் போடுவது மரியாதையன்று எனக் கருதி, 'மணவாளன் சிலம்பரசன்' என்று செந்தமிழில் தட்டச்சு செய்து சேமித்தேன். கணினியோ முதற்சொல்லைக் கண்டதும், ஊழியர் பட்டியலிலிருந்து நம் பாத்திர அறைப் பொறுப்பாளர் மணவாளனை இழுத்துவந்து, ஐம்பத்தாறு வயதில், பேரன் எடுத்தபின், பொன்னிக்கு மாப்பிள்ளையாக்கிவிட்டது. வெள்ளிக்கிழமை அய்யனார் பதிவுச்சீட்டு வாங்க வருகிறார். அதில் அவர் மகள் பெயரருகே மணவாளன் புகைப்படத்தோடு நிற்கிறார், நாமத்துடன்!

பதிவை அழிக்கலாமென்றால் என் திரையில் அந்தப் பொத்தானே இல்லை. மூவரும் கணினிகளை அருகருகே வைத்து ஒப்பிட்டோம். எனக்கு உருவாக்கு, சேமி என இரண்டே. எழுத்தர் ஞானாம்பாளுக்குக் கூடுதலாக 'மறை'. மணவாளனுக்கோ உருவாக்கு, சேமி, அழி, மறை, ஒப்புதல் அருள் என ஐந்தும்! மாப்பிள்ளை, இவை நம் கூத்தப்பெருமானின் ஐந்தொழில் அல்லவா? தில்லையிலேயே அலுவலகம் வைத்துக்கொண்டு, திருமால் அடியாருக்கு அழித்தலையும், நீறு பூசிய எனக்குக் காத்தலையும் கொடுத்தது எந்த ஆகமத்தில் உள்ளது?

"மணவாளரே, அழித்துவிடும்" என்றேன்.

"இன்னா ஐயா, இந்த வயசுல எனக்கு ஒரு கல்யாணம் கூடி வருது. நீங்களே பண்ணிவெச்சிட்டு நீங்களே கலைக்கிறீங்களே!"

ஞானாம்பாள் மேசைமேல் கவிழ்ந்து சிரித்தாள். "அண்ணே, அண்ணி ஒத்துக்குவாங்களா?"

"அவுங்களுக்கும் பத்திரிகை வெச்சிடுவோம்மா." பிறகு என் பக்கம் திரும்பினார். "வாயார ஒரே ஒரு தடவை 'கோவிந்தா' சொல்லுங்க ஐயா, ஒடனே அழிச்சிடறேன்."

மூவேளையும் ஐந்தெழுத்து ஓதும் இந்த நாவா? முடியவே முடியாதுன்னுட்டேன் மாப்பிள்ளை. மூணு நாளா மனுஷன் கழுத்துல மாலை போட்டுக்கிட்டு மண்டபம் முழுக்கத் திரியறார். சமையற்காரங்க எழுந்து நின்னு வணக்கம் சொல்றாங்க. அய்யனார் வந்து பாத்தார்னா நான் எந்த மூஞ்சிய வெச்சிக்கிட்டு நிக்கறது?

ஆதலால், மணவாளனுக்கு உள்ளவை யாவும் ஒன்றும் குறையாமல் எனக்கும் வேண்டும்.

தூக்கிய திருவடி உங்கள் இருவருக்கும் நிழல் தருவதாக.

அன்புடன்,
தில்லைநாதன்

பி.கு.: உறையை ஒட்டுமுன்பே ஐந்து பொத்தான்களும் வந்துவிட்டன. காலையில் அனுப்பிரியாவிடம் தொலைபேசியில் புலம்பியதன் பயன் போலும். ஆனந்தம் தாளாமல் 'அழி'யை அழுத்தினேன். 'உறுதியா?' என்றது; உறுதி என்றேன். அழிந்தது பதிவு அன்று; பயனர் பட்டியலிலிருந்த அடியேன். "ஐயையோ, என் பேரு கோவிந்தா!" என்று அலறிவிட்டேன். "சொல்லிட்டீங்களே ஐயா!" என்று மணவாளர் துள்ளி எழுந்தார். சொன்ன சொல் தவறாமல், பொன்னியின் பக்கத்தில் சிலம்பரசனை நிறுத்தினார். என்னையும் புதிதாக உருவாக்கினார். எனவே மேலே கேட்டது எதுவும் வேண்டாம். கொடுத்த 'அழி'யையும் எடுத்துக்கொள்ளுங்கள். என் புதிய பயனர் பெயர் 'தில்லை கோவிந்தன்'. அதை மாற்றவும் எழுத்துமூலம் காரணம் காட்ட வேண்டுமாமே. அதை மட்டும் எழுத என்னால் ஆகாது.