நிரம்பி வழிந்த பேண்டு வாத்தியக் குழு

"ஹார்லன் வீஸ் வர்றாராம்," என்றாள் பள்ளி அலுவலகத்து மார்லிஸ், தொலைபேசியைக் கையால் பொத்திக்கொண்டு.

"யாரு?"

"டெல்வின் பள்ளிக்கூடத்து அதிகாரி. ராத்திரி ஆட்டம் பாக்க வர்றாராம். முடிஞ்சதும் உங்ககிட்ட தனியா ஒரு வார்த்தை பேசணுமாம்."

வெர்லின் குசேரா பாதி கடித்திருந்த இலவங்கப்பட்டை ரொட்டிச் சுருளைத் தட்டில் திரும்ப வைத்தார். பழைய மாணவர்கள் ஊர் திரும்பும் விழா நாளில், பள்ளிச் சமையலறையின் ரொட்டிச் சுருளை யாரும் பாதியில் வைத்து மார்லிஸ் பார்த்ததில்லை.

காரணம் இருந்தது. பிளம் ஃபோர்க் என்ற அந்தச் சின்ன ஊரைச் சுற்றிச் சோள வயல்கள் பெரிதாகிக்கொண்டே போயின. வீடுகள் குறைந்துகொண்டே வந்தன. அடுத்த வருஷத்துக்குள் ஒரு டஜன் பிள்ளைகளாவது புதிதாகச் சேராவிட்டால் உயர்நிலைப் பள்ளியை மூடிவிடுவது என்று பள்ளி வாரியம் முடிவு செய்திருந்தது. மூடினால் இங்குள்ள பிள்ளைகள் பஸ் ஏறிப் போகவேண்டிய ஊர் டெல்வின். அங்கே புது உடற்பயிற்சிக் கூடமே இருந்தது.

"தலையை எண்ணிப் பாக்க வர்றான்," என்றார் வெர்லின். "சவப்பெட்டிக்கு அளவெடுக்குற மாதிரி."

"ஒருவேளை நல்லதாக்கூட இருக்கலாம்ல?"

"தனியா ஒரு வார்த்தைன்னு சொல்லி நல்லது சொன்னவனை எங்கயாவது பாத்திருக்கியா நீ?"

வெர்லின்தான் அந்தப் பள்ளியின் வரலாற்று ஆசிரியர். பேண்டு வாத்தியக் குழுவின் மாஸ்டரும் அவரே. விளையாட்டுப் பொறுப்பாளரும், வசந்த கால நாடகத்தின் இயக்குநரும் அவரே. நான்கு பேருக்கும் சேர்த்து ஒரே மேஜை. அவரும் அங்கே படித்தவர்தான். அப்பாவின் பண்ணை ஏலத்துக்குப் போன வருஷம், வீட்டில் யாரும் யாரோடும் பேசாத அந்த வருஷம், அவர் கையில் ஒரு கார்னெட்டைக் கொடுத்து "ஊது" என்று சொன்னது இந்தப் பள்ளிக்கூடம். அன்று நிறைந்த மனது இன்றுவரை வடியவில்லை.

இப்போது அவர் கவலையெல்லாம் இடைவேளையைப் பற்றியது. பிளம் ஃபோர்க்கில் அமெரிக்கக் கால்பந்து ஆடுகிறவர்களும் பேண்டு வாசிக்கிறவர்களும் ஒரே பிள்ளைகள். பாதி ஆட்டம் முடிந்ததும் ஹெல்மெட்டைக் கழற்றி வைத்துவிட்டு, தோள் கவசமும் சேறுமாக வந்து டிரம்போனைத் தூக்குவார்கள். விழா ராணியாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட மாணவி தலையில் கிரீடத்தோடு கிளாரினெட் வாசிப்பாள். ஊருக்கு அது பெருமை. ஆனால் அளவெடுக்க வருகிறவன் கண்ணில் படக்கூடிய காட்சியா அது?

"பழைய கோட்டெல்லாம் எங்க இருக்கு?" என்று கேட்டார்.

மேடைக்கு அடியில் இருந்தன. பேண்டில் அறுபது பேர் இருந்த காலத்துச் சிவப்புக் கோட்டுகள், பாச்சை உருண்டை வாசனையோடு. சாயங்காலம் பழைய மாணவர்கள் ஒவ்வொருவராக வந்து சேர, வெர்லின் வாசலிலேயே நின்று ஆளுக்கொன்றாக மாட்டிவிட்டார். எதிர்ப்பக்கத்திலிருந்து பார்த்தால் பள்ளிப் பிள்ளைகள் மாதிரியே தெரியும் என்பது அவர் கணக்கு.

"பொத்தான் சேரல தம்பி," என்றார் எல்ராய் பெக்மன். எண்பதை நெருங்குகிற பன்றிப் பண்ணைக்காரர்.

"போடவே வேண்டாம். டியூபாவைத் தூக்கிக்கிட்டுப் பின்னால நில்லுங்க. ஊதக் கூடாது."

"டியூபாவைக் கையில குடுத்துட்டு ஊதாதேன்னா? சோத்தைப் போட்டுட்டு வாயைக் கட்டுற கதையால்ல இருக்கு!"

"பள்ளிக்கூடத்துக்காக, எல்ராய் அண்ணே."

எல்ராய் டியூபாவைத் தோளில் ஏற்றிக்கொண்டார். "அப்படிச் சொல்லு. அதுக்காக டியூபாவையே முழுங்கச் சொன்னாலும் முழுங்குறேன்."

ஆட்டம் தொடங்கியது. பெரிய ஊர்களில் பதினொரு பேர் ஆடுவதை இந்தப் பக்கத்து ஊர்களில் எட்டு பேர் ஆடுவார்கள். எதிரணியான டெல்வின்காரர்கள் ஒரே பஸ்ஸில் வந்து இறங்கியிருந்தார்கள். ஹார்லன் வீஸ் எதிர்ப்பக்க இருக்கையில், தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு, ஒல்லியாக, தனியாக உட்கார்ந்திருந்தார். பார்வை மட்டும் சும்மா இருக்கவில்லை. மைதானத்தைப் பார்த்தார், பள்ளிக் கட்டடத்தைப் பார்த்தார், மறுபடியும் மைதானத்தைப் பார்த்தார்.

இடைவேளைக்குச் சற்று முன்பு மார்லிஸ் ஓடிவந்தாள்.

"வெர்லின், நம்ம பக்கம் திரும்பிப் பாத்தீங்களா?"

பார்த்தார். இருக்கைகளில் ஈ, காக்கைகூட இல்லை. உட்கார வேண்டியவர்கள் எல்லாரும் சிவப்புக் கோட்டில் கோல் கம்பத்துக்குப் பின்னால் நின்றிருந்தார்கள்.

"ஐயோ. யாரையாவது கொண்டுவந்து உக்கார வை!"

"யாரை? ஊர்ல மிச்சம் இருக்குறதே சமையக்கட்டுல இருக்குறவங்கதான்."

"அவங்களைக் கூட்டிட்டு வா."

"அடுப்புல சில்லிக் குழம்பு கொதிச்சிட்டு இருக்கு."

"கொதிக்கட்டும்! கொஞ்ச நேரம்தானே?"

சமையலறைப் பெண்கள் ஏப்ரனோடு வந்து, ஆளுக்கு ஆள் இடம் விட்டுப் பரவலாக உட்கார்ந்தார்கள். அதே நேரம் விளையாட்டுப் பிள்ளைகள் பழக்கப்படி ஹெல்மெட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு இசைக்கருவிகளை நோக்கி ஓடிவர, வெர்லின் கைகளை விரித்து மறித்தார்.

"இன்னிக்கு வேண்டாம். ஓய்வறைக்குப் போங்க. கோச் பேசுவாரு."

கோச் டுவெயினுக்கு முகம் வெளுத்தது. "யோவ் வெர்லின், நான் என்னத்தைய்யா பேசுறது? இத்தனை வருஷமா இடைவேளைல தனியா உக்காந்து காப்பி குடிச்சிட்டு இருக்கேன்."

"உற்சாகமா ஏதாவது சொல்லு."

ஓய்வறையில் கோச் பிள்ளைகளைப் பார்த்தார். பிள்ளைகள் கோச்சைப் பார்த்தார்கள். "எல்லாரும் தண்ணி குடிங்க," என்றார். குடித்தார்கள். "இன்னும் கொஞ்சம் குடிங்க," என்றார்.

வெளியே பேண்டு நடக்கத் தொடங்கியது. நிஜமாக வாசித்தவர்கள், ஆட்டத்தில் இல்லாத ஏழெட்டு மாணவிகள். மற்றவர்கள் வாத்தியத்தை உதட்டில் வைத்துக்கொண்டு கம்பீரமாக நடந்தார்கள். எல்ராயால் ஒரு திருப்பம் வரைதான் பொறுக்க முடிந்தது. தன் காலத்துப் பள்ளிப் பாட்டை டியூபாவில் எடுத்துவிட்டார். பக்கத்திலிருந்த மூவர் சேர்ந்துகொண்டார்கள். அடுத்த வரிசையிலிருந்த இன்னொரு காலத்துக்காரர்கள் சும்மா இருப்பார்களா? அவர்கள் தங்கள் பாட்டை எடுத்தார்கள். மூன்று தலைமுறை மூன்று பாட்டோடு ஒன்றையொன்று ஊடுருவி நடந்தது.

அப்போதுதான் சமையலறை ஜன்னலில் புகை.

"சில்லி!" என்று அலறினாள் மார்லிஸ்.

அலறலோடு தீயணைப்பு மணியும் சேர்ந்துகொண்டது. பிளம் ஃபோர்க்கில் தீயை அணைக்கிறவர்கள் ஊர்த் தொண்டர்கள்தான். அவர்கள் அத்தனை பேரும் பேண்டு கோட்டில் இருந்தார்கள். பேண்டின் முதல் இரண்டு வரிசை அப்படியே திரும்பி, டிரம்போனும் கையுமாகச் சமையலறையை நோக்கி ஓடியது. பின்வரிசையும், ஏதோ புது அணிவகுப்பு என்று நினைத்து, ஊதிக்கொண்டே பின்னால் போனது.

வெர்லின் கண்ணை மூடிக்கொண்டார். எல்லாம் முடிந்தது என்று நினைத்தார்.

ஓய்வறைப் பிள்ளைகளுக்கு அந்தச் சத்தம் கேட்டது. "கோச், நம்ம பேண்டைக் கொலை பண்றாங்க!" என்றான் பந்தை எறியும் குவார்ட்டர்பேக்காக ஆடும் பிள்ளை. அவன் பேண்டில் முதல் டிரம்பெட். "அப்போ போய்க் காப்பாத்துங்கடா!" என்றார் கோச். அந்த மாதத்திலேயே அவர் பேசிய சிறந்த பேச்சு அதுதான். சேறும் கவசமுமாகப் பிள்ளைகள் சீறிக்கொண்டு வெளியே வந்து, தரையில் கிடந்த வாத்தியங்களைத் தூக்கினார்கள். அதுவரை ஓரமாக நிறுத்தப்பட்டிருந்த விழா ராணி கிரீடத்தை இறுக்கிக்கொண்டு கிளாரினெட்டோடு ஓடிவந்தாள். அடிப்பிடித்த பானையைத் தூக்கி எறிந்துவிட்டுத் தொண்டர்களும் திரும்பி வந்தார்கள். சமையலறைப் பெண்கள் கரண்டியால் இருக்கைப் பலகையில் தாளம் போட்டார்கள்.

கோல் கம்பத்திலிருந்து கோல் கம்பம் வரை ஆட்கள். வெர்லின் கையை உயர்த்தினார். எப்படியோ எல்லாரும் ஒரே பாட்டுக்கு வந்துவிட்டார்கள். சுருதி எங்கோ சோள வயல் பக்கம் போய்விட்டது, போகட்டும். தான் கார்னெட் பிடித்த வருஷத்துக்குப் பிறகு இந்த மைதானம் இப்படி நிறைந்து அவர் பார்த்ததில்லை. பாட்டு முடிந்ததும் ஒவ்வொருவராகப் பார்த்துத் தலையசைத்தார்.

எதிர்ப்பக்கம் ஹார்லன் வீஸ் எழுந்து நின்று கைதட்டிக்கொண்டிருந்தார்.

பிற்பாதியில் பிளம் ஃபோர்க் தோற்றது. தண்ணீர் குடித்த வயிற்றோடு யாராலும் ஓட முடியவில்லை.

விளக்குகள் அணைவதற்குள் வீஸ் வந்தார். வெர்லினின் கையைக் குலுக்கினார். ஏதோ சொல்ல வாயைத் திறந்து, மைதானத்தை இன்னொரு முறை பார்த்து, மூடிக்கொண்டார்.

"அருமையான பேண்டு, குசேரா. உங்க ஊருக்கு என்ன குறை? நல்லா இருங்க."

"ஒரு வார்த்தை பேசணும்னீங்களே?"

"இனி அதுக்கு அவசியமில்லை," என்று சொல்லிவிட்டுத் தொப்பியை மாட்டிக்கொண்டு பஸ்ஸை நோக்கி நடந்தார்.

"ஜெயிச்சிட்டோம்!" என்று வெர்லின் மார்லிஸின் இரு கைகளையும் பிடித்துக்கொண்டார். "பயந்து ஓடிட்டான்! இனி நம்ம பக்கம் தலைவச்சுப் படுக்க மாட்டான்!"

"கண்ணு கலங்கின மாதிரி இருந்துச்சே?"

"தோல்வின்னா அப்படித்தான்."

எல்ராய் டியூபாவோடு வந்து அவர் முதுகில் ஒன்று போட்டார். மூவரும் சிரித்துக்கொண்டிருக்கும்போதே டெல்வின் பஸ்ஸை ஓட்டிவந்த டாட்டி என்ற பெருத்த பெண்மணி மூச்சிரைக்க வந்து நின்றாள்.

"நீங்கதானே குசேரா சார்? சட்டுனு வாங்க. வண்டிச் சாவியைக் காணோம்னு அவர்கிட்ட பொய் சொல்லிட்டு வந்திருக்கேன்."

"என்னம்மா விஷயம்?"

"எங்க பள்ளிக்கூடத்தை மூடுறாங்க சார், மிச்சமிருக்குற பதினாறு பிள்ளைங்களையும் இங்க சேத்துக்குவீங்களான்னு கெஞ்சிக் கேக்கத்தான் மனுஷன் வந்தாரு, உங்க பேண்டைப் பாத்துட்டு 'இந்தக் கூட்டத்துல நம்ம பிள்ளைங்களுக்கு எங்க டாட்டி இடமிருக்கும்'னு பஸ்ல உக்காந்து அழுதுட்டு இருக்காரு!"