எந்தக் கம்பம்?

நாட்குறிப்பு எழுதுகிறவனுக்கு ஒரு வசதி கிடையாது. மற்றவர்கள் தங்கள் அசட்டுத்தனத்தைக் காலப்போக்கில் மறந்துவிடலாம், கொஞ்சம் திருத்தியும் சொல்லிக்கொள்ளலாம். என்னுடையதோ என் கையெழுத்திலேயே, மணி நிமிடத்தோடு, நீல மையில் இருக்கிறது. பாண்டியனுக்குக் கோலாலம்பூரைச் சுற்றிக் காட்டிய அந்தச் சனிக்கிழமைக்கு மட்டும் நான்கு பக்கம். (மை வேற நல்ல மை. அழியவே மாட்டேங்குது.)

நான் கோலாலம்பூர்ச் செந்தூல்காரன். பணி ஓய்வுக்குப் பிறகு, செந்தூல் இரயில் பட்டறையில் வேலை பார்த்த தமிழர்களைப் பற்றி ஒரு சிறு நூல் எழுதத் தொடங்கினேன். கதைகள் நிறையக் கிடைத்தன, பெயர்கள்தான் கிடைக்கவில்லை. எந்தப் பழைய புகைப்படத்தைப் பார்த்தாலும் மீசை வைத்த பத்துப் பேர் நிற்பார்கள், யார் எவரென்று ஒருவருக்கும் தெரியாது.

அந்த நேரத்தில்தான் பழைய இரயில் படங்களுக்கான ஓர் இணையக் குழுவில் பாண்டியன் அறிமுகமானார். தமிழ்நாட்டுக்காரர், நாற்பது வயதைத் தாண்டியவர். தன் கொள்ளுத்தாத்தா செந்தூல் பட்டறையில் கொல்லராக இருந்துவிட்டு ஊர் திரும்பியவர் என்றார். சக தொழிலாளிகளோடு அவர் எடுத்துக்கொண்ட படம் வீட்டில் இருக்கிறதாம். பின்பக்கம் அத்தனை பேரின் பெயரும் எழுதியிருக்கிறதாம்.

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. மறுநாள் காலையிலேயே படத்தைக் கேட்டேன்.

"ஆளை நேர்ல பாத்துட்டுக் குடுன்னு அம்மா சொல்லிருக்குண்ணே" என்றார் தொலைபேசியில்.

"நல்லது தம்பி. நீங்க எந்த ஊரு?"

"கம்பம்ணே."

மலாயில் கம்போங் என்றால் சிற்றூர். எங்கள் வாயில் அது எப்போதோ கம்பமாகிவிட்டது. கம்பத்து வீடு, கம்பத்துக் கோழி, கம்பத்து ஆள் என்றெல்லாம் சொல்லித்தான் வளர்ந்தோம்.

"கம்பம்னு புரியுது. எந்தக் கம்பம்?"

"ஒரே கம்பம்தாண்ணே. தேனி பக்கம்."

என் குறிப்பேட்டில் இப்படி இருக்கிறது: "தேனிக்கு அருகே, பெயர் சொல்லக் கூச்சப்படும் அளவுக்குச் சிறிய ஊர். எளிமையான மனிதர்."

என் மனைவி லீலா இதைக் கேட்டுவிட்டு, "பேரே இல்லாத ஊரு எங்கயாச்சும் இருக்குமா? மேப்பத் தொறந்து பாருங்களேன்" என்றாள்.

"கூச்சப்படுறாரும்மா. தோண்டிக் கேட்டா நல்லாவா இருக்கும்? விடு லா" என்றேன். வீட்டில் மூன்று அலமாரி நிறையப் புத்தகம் வைத்திருப்பவனுக்கு மேப் எதற்கு?

அதன்பின் தினமும் காலையில் "பசியாறிட்டீங்களா தம்பி?" என்று செய்தி அனுப்புவேன். ஒரு நாள் அவராகவே ஒன்பது படங்கள் அனுப்பினார். எல்லாம் திராட்சைப் பந்தல். "இதெல்லாம் நம்மளுதுதாண்ணே" என்று கீழே ஒரு வரி. நான் குறித்துக்கொண்டேன்: "முழுக்கத் தோட்ட வாழ்க்கை. நகரம் பார்த்திருக்க வாய்ப்பில்லை."

சில மாதங்கள் கழித்து, வேலை விஷயமாகக் கோலாலம்பூர் வருவதாகவும் சனிக்கிழமை ஓய்வு என்றும் எழுதினார். படத்தையும் கொண்டு வருகிறாராம். என்ன வேலை என்று நான் கேட்கவில்லை. (பாவம், என்ன கஷ்டமோ.) எனக்கு இருந்தது ஒரே ஒரு நாள். அதற்குள் அவர் மனம் நிறைய வேண்டும், படம் என் கைக்கு வர வேண்டும்.

காலை 8.50க்கு, அவர் தங்கியிருந்த பிரிக்ஃபீல்ட்ஸ் விடுதி வாசலில் சந்தித்தோம். இஸ்திரி போட்ட சட்டை, பளபளக்கும் காலணி. எனக்காக இரவல் வாங்கியிருப்பாரோ என்று மனம் இளகிவிட்டது. தோளில் ஒரு பை. அதன் வாயில் பழுப்பு உறையின் நுனி தெரிந்தது. அன்று முழுவதும் என் ஒரு கண் அதன்மேல்தான்.

9.25. இரயில் நிலையத்தின் எஸ்கலேட்டர். அவர் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

"தம்பி, கீழ பாக்காதீங்க. வலது காலை மொதல்ல வைங்க. நான் ஒன்னு ரெண்டு மூனு சொல்லுவேன்."

பாண்டியன் என்னை ஒரு கணம் பார்த்தார். பிறகு கோவிலுக்குள் நுழைவதுபோல் பவ்யமாக வலது காலை வைத்தார். பாதி வழியில் குனிந்து படியைத் தொட்டார். குறிப்பு: "நண்பர் இலேசாக நடுங்கினார். தட்டிக்கொடுத்தேன்."

10.40. இரட்டைக் கோபுரத்தின் லிஃப்ட். "காது அடைக்கும், எச்சில முழுங்குங்க. கீழ விழாது, பயப்படாதீங்க" என்று காதோரம் சொன்னேன். அருகில் நின்ற இரண்டு சீனப் பெண்கள், மொழி புரியாமலே, ஆறுதலாகப் புன்னகைத்தார்கள். பாண்டியன் சுவரில் காதை ஒட்டிவைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். குறிப்பு: "பிரமிப்பு. பேச்சே வரவில்லை."

மதியச் சாப்பாட்டுக்குக் கொமுட்டர் என்கிற புறநகர் இரயிலில் பக்கத்து நகரமான கிள்ளானுக்குப் போனோம். அங்கே என் பழைய தோழன் மணியத்துக்கு ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடை உண்டு.

"மணியம், இவரு கம்பத்துலேருந்து வந்துருக்காரு. மொத தடவ சிட்டி பாக்குறாரு, நல்லா கவனி" என்றேன்.

மணியம் உடனே குரலை உயர்த்தி, ஒவ்வொரு சொல்லாக நிறுத்திக் கேட்டான்: "தம்பி... உங்க... கம்பத்துல... கரண்ட்... இருக்கா?"

பாண்டியன் சோற்று உருண்டையை இலையிலேயே வைத்துவிட்டார். "கரண்டா? பக்கத்துல லோயர் கேம்ப்ல கரண்ட் தயாரிச்சு ஊருக்கெல்லாம் அனுப்புறதே எங்க ஏரியாதாண்ணே."

"ரோடு போட்டுட்டாங்களா?"

"ரோடா? முனிசிபாலிட்டிண்ணே எங்க ஊரு!"

"கம்பத்துல ஏது லா முனிசிபாலிட்டி?" என்று சிரித்தான் மணியம். நானும் சிரித்தேன். கூச்சத்தில் கொஞ்சம் மிகைப்படுத்துகிறார், பாவம்.

பாண்டியன் இடது கையால் பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்து என்முன் வைத்தார். அவர் பெயர். அதன்கீழ் "லிஃப்ட், எஸ்கலேட்டர் நிறுவுதல், பராமரிப்பு". அதன்கீழ் "கம்பம், தேனி, மதுரை".

நான் அதை மூன்று முறை படித்தேன்.

"கம்பம்ங்கிறது... ஊரு பேரா?"

"பின்ன?"

இரசம் எனக்கு மூக்கில் ஏறியது. மணியம் முதுகில் தட்டிக்கொண்டே விளக்கிவிட்டான், கம்பம் என்றால் இங்கே என்னவென்று. (உயிர் நண்பன். எதையும் மறைக்க மாட்டான்.)

பாண்டியன் இலையை மடித்தார். "அப்ப காலைல கையப் புடிச்சீங்களே... இங்க விருந்தாளிய அப்படி ஏத்துறதுதான் வழக்கம் போலன்னு நெனச்சேண்ணே. வேற யாரும் யாரையும் புடிக்கலையேன்னு ஒரு சந்தேகம் மட்டும் இருந்துச்சு."

"மன்னிச்சிருங்க தம்பி."

"அந்தப் 'பசியாறிட்டீங்களா'வும் அப்படித்தானா? நாங்க சோத்துக்கு அல்லாடுறோம்னு நீங்க நெனச்சிட்டதா வீட்டுல ஒரே சண்டை. அதுக்குத்தான் தோட்டத்தப் படம் எடுத்து அனுப்புனோம்."

"ஐயோ, அது காலைச் சாப்பாடு தம்பி! இங்க எல்லாரையும் அப்படித்தான் கேப்போம்!"

அவர் சிரிக்கவில்லை. திரும்பும் இரயிலில் என் எதிரே, பையை மடியில் வைத்து, இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உறையின் நுனிகூட இப்போது தெரியவில்லை. இரண்டு நிலையங்கள் கடந்தபின் கேட்டார்:

"காலைலேருந்து நோட்டுல எழுதிட்டே வந்தீங்களே. அதப் படிங்கண்ணே."

மாற்றிப் படிக்கலாம் என்று ஒரு கணம் தோன்றியது உண்மை. எழுதியதை மாற்றிப் பழக்கமில்லாததால், பழைய குறிப்புகளிலிருந்து தொடங்கி அப்படியே படித்தேன். கூச்சப்படும் சிற்றூர், நடுக்கம், பிரமிப்பு, எல்லாம்.

"நான் நடுங்கலண்ணே. படில அதிர்வு இருக்கான்னு தொட்டுப் பாத்தேன். லிஃப்ட்லயும் ஓட்டம் எப்படின்னு காது குடுத்துக் கேட்டேன், அவ்வளவுதான். என்ன அருமையான வேலை தெரியுமா!" என்றார். பிறகு குரல் தாழ்ந்தது. "எங்க கொள்ளுத்தாத்தாவையும் இப்படித்தான் எழுதுவீங்களா? பாத்தத விட்டுட்டு, நெனச்சத?"

இத்தனை வருடம் எழுதியதில் எதையெல்லாம் பார்த்தேன், எதையெல்லாம் நினைத்துக்கொண்டேன் என்று உள்ளுக்குள் பக்கங்கள் புரண்டன. "இனிமே கேட்டுட்டு எழுதுறேன்" என்று மட்டும் சொன்னேன்.

அவர் அதன்பிறகுதான் சிரித்தார். சத்தமில்லாமல் தோள் குலுங்கத் தொடங்கி, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். "'தட்டிக்கொடுத்தேன்'னு வேற எழுதிருக்கீங்களேண்ணே!" பையைத் திறந்து உறையை என் மடியில் வைத்தார். "ஒவ்வொரு பக்கமும் எனக்கு வரணும். நான் பாத்த பெறகுதான் அச்சு."

பதினோரு பேர். பதினோரு பெயர், பென்சில் எழுத்தில். மாலை 4.15க்கு எண்ணினேன்.

அன்றிலிருந்து என் நூல் பக்கம் பக்கமாகக் கம்பத்துக்குப் போய், "இது உங்களுக்கு எப்படித் தெரியும்ணே?" என்ற கேள்விகளோடு திரும்பி வருகிறது. பாதி அத்தியாயங்கள் இளைத்துவிட்டன. ஆனால் வீட்டில் எனக்குக் கிடைத்த தண்டனை அதைவிடப் பெரியது. சென்ற மாதம் என் மகள் தன் அலுவலகத் தோழியைச் சாப்பிட அழைத்து வந்தாள். எந்த ஊர் என்று வழக்கம்போல் கேட்டுவிட்டேன்.

"பெக்கான், அங்கிள்" என்றாள் அந்தப் பெண்.

பெக்கான் பகாங் மாநிலத்தில் இருக்கும் ஊர். மலாயில் பெக்கான் என்றால் சிறு நகரம் என்றும் பொருள். நான் வாய் திறப்பதற்குள் அடுப்படியிலிருந்து லீலாவும், மேசையிலிருந்து மகளும், ஒரே குரலில்:

"ஊரு பேரா, வெறும் வெளக்கமா? கேட்டு எழுதுங்க!"

அந்தப் பெண் விழித்தாள். நான் பேனாவை மூடி வைத்துவிட்டு, அவளுக்கு இன்னும் கொஞ்சம் சோறு போட்டேன்.