நாலாவது பெண்ணின் பனங்கட்டி

தோர்ண்டன் ஹீத்,
09.10.2008

அன்புள்ள கிருஷ்ணராசா அண்ணைக்கு,

தங்கை மங்கை எழுதுவது. உங்கள் ஆவணிக் கடிதத்துக்கு இப்போதுதான் பதில், பொறுத்துக்கொள்ளுங்கள். குட்டி ரவீனும் அவரும் சுகம். என் சுகம் திங்கட்கிழமைதான் தெரியும்.

சீனி வருத்தம் உள்ள நம் பெண்கள் டாக்டரிடம் சொல்வதென்ன, வீட்டில் சாப்பிடுவதென்ன என்பதுதானே என் ஆய்வேடு. பெயர் இல்லை, இலக்கம் மட்டும். அதில் நாலாவது பெண், பேரனின் பால்மா டின்னுக்குள் பனங்கட்டியை ஒளித்துத் தின்றுவிட்டு, நர்ஸிடம் கீரைதான் சாப்பிடுவதாகச் சொல்பவர். அவர் வேறு யாருமில்லை, ரவீனின் அப்பம்மா, என் மாமி அருமைநாயகி. சம்மதப் பாரத்தை வாசிக்காமலே கையெழுத்து வைத்தார். நூலக நிலவறையில் கிடக்கும் ஏட்டை யார் தொடப்போகிறார்கள் என்று நானும் துணிந்து எழுதினேன். இப்போது ஆய்வுகளையெல்லாம் இணையக் களஞ்சியத்தில் போடச் சொல்கிறது பல்கலைக்கழகம், உலகமே வாசிக்கலாம். எங்கள் ஆய்வு அறையில் ஒருவரும் போடவில்லை. ஒருவருக்கு யோசனை திருட்டுப் போய்விடுமாம், இன்னொருவருக்குச் சஞ்சிகை கட்டுரையை ஏற்காதாம், பேராசிரியருக்குக் கடவுச்சொல் மறந்துவிட்டதாம். நான்தான் நல்ல பிள்ளை. ரவீன் என் மடியில் இருந்தபடி கீபோர்ட்டைத் தட்ட, 'ஐந்து வருடம் மூடிவை' என்ற கட்டத்தை விட்டு 'உடனே எல்லோருக்கும்' என்பதில் அடையாளம் போட்டு அனுப்பிவிட்டேன்.

பிறகுதான் மாமியின்ரை நினைவு வந்தது அண்ணை. ஏட்டைத் திருப்பி எடுக்கச் சொன்னால் நூலகப் பெண், ஒரு கிழமையிலை முப்பத்தொரு பேர் வாசிச்சினம் எண்டு வாழ்த்துச் சொல்லுறாள். ஆர் அந்த முப்பத்தொரு பேர்? இஞ்சை பக்கத்திலை எட்மண்டனிலை இருக்கிற மச்சாள் சுலோச்சனா, கல்யாணம் பேசுற வீட்டுப் பேரையெல்லாம் கூகிளிலை தட்டிப் பார்க்கிறவ, என்ரை பேரை விடுவாவே? மாமிக்குத் தெரிஞ்சால் திங்கட்கிழமை ரவீனை ஆர் பார்க்கிறது? எனக்கு வேலையிலை முதல் நாள். நர்சரியிலை தை வரைக்கும் இடமில்லை. நேற்று மாமி, "பிள்ளை, வெள்ளிக்கிழமை வந்து கதைக்கிறன்" எண்டு போனை வைச்சிட்டா. ஒரு வசனத்தோடை போனை வைக்கிற ஆளே அவ? நீங்கள் கம்ப்யூட்டர் வேலை செய்யிறனீங்கள், அதை அழிக்க வழியிருந்தால் உடனே சொல்லுங்கோ. ஈமெயிலிலை எழுதப் பயம்.

அண்ணிக்கும் பிள்ளைகளுக்கும் அன்பு. எனக்காக அங்கே முருகனிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். மனோர் பார்க் முருகனிடம் நான் போக ஏலாது. அங்கே மாமி நிற்பார்.

உங்கள் தங்கை
மங்கை

பி.கு.: வெள்ளிக்கிழமை. கடிதத்தை ஒட்டுமுன் மாமி வந்துவிட்டார், கையில் மச்சாள் அச்சடித்துக் கோயிலில் எல்லோருக்கும் கொடுத்த தாள்கள்.

"நாலாவது பெண் நான்தானே?"

"ஓம் மாமி."

"அந்தக் குமுதினி, அது தான்தான் எண்டு கோயில் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரியிறாள். அவளுக்குச் சீனி வருத்தமே இல்லை. என்ரை பேரைப் போடு. இல்லாட்டில் திங்கட்கிழமை நான் வரமாட்டன்."

ஆகவே அண்ணை, அழிக்கும் வழி வேண்டாம். பெயரைப் போடப் பல்கலைக்கழக விதி விடாது. ஒரு பெயரைச் சேர்க்க ஏதும் வழி தெரியுமா?